அம்மா அப்பாவைப் பெரிய ரெஸ்டாரண்டுக்கு அழைத்துப் போக: சுங்கை சிப்புட் சொந்தங்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பதினோரு வருடம் ஈப்போவிலும் கோலாலம்பூரிலும் ஹோட்டல்களில் தட்டு தூக்கியவன் நான். இப்போது பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் சொந்தமாக ஒரு சின்னக் கடை வைத்திருக்கிறேன். ஆனாலும் ஊரில் யாருக்காவது மணிவிழா, இருபத்தைந்தாம் கல்யாண நாள், மகள் பட்டம் வாங்கிய சந்தோஷம் என்று வந்துவிட்டால் போன் எனக்குத்தான் வரும். "அண்ணே, பெரிய இடத்துக்குப் போறோம், அங்க எப்படி நடந்துக்கணும்?" என்பார்கள். சொன்னதையே சொல்லி வாய் வலித்துவிட்டது. அதனால் எல்லாவற்றையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

நம்ம டவுனிலேயே நல்ல சாப்பாடு இருக்கும்போது எதற்கு ஈப்போ வரை போய் இத்தனை காசு கொடுக்க வேண்டும்?

ருசிக்காக என்றால் போகவே வேண்டாம். வாழையிலையில் சுடுசோறு போட்டு, நண்டுக் குழம்பை ஊற்றி, கடைசியில் ரசத்தை உள்ளங்கையில் வாங்கிக் குடிக்கிற சுகம் எந்த வெள்ளை மேசைவிரிப்பிலும் கிடைக்காது.

நீங்கள் காசு கொடுப்பது வேறொன்றுக்கு. நம் வீட்டு விசேஷத்தில் அம்மா உட்கார்ந்து சாப்பிட்டதைப் பார்த்திருக்கிறீர்களா? எல்லோரும் கை கழுவிய பிறகு, சட்டியில் ஒட்டியிருப்பதை வழித்துப் போட்டுக்கொண்டு, அடுப்படிச் சுவரில் சாய்ந்தபடி நாலு வாய். அதற்குள் யாராவது "தண்ணி" என்பார்கள், எழுந்துவிடுவார். பெரிய ரெஸ்டாரண்டில் அவரை எழுந்திருக்க விடமாட்டார்கள். இரண்டு மணி நேரம் ஒருவர் பின்னால் நின்று, தம்ளரில் தண்ணீர் குறையக் குறைய ஊற்றிக்கொண்டே இருப்பார். நாம் வாங்குவது அந்த இரண்டு மணி நேரத்தை.

அதற்காகக் கடன் வாங்கிப் போகாதீர்கள். 2025 முதல் நாட்டின் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி (ரிங்கிட்). நாலு பேர் சாப்பிட 800 வெள்ளி ஆனால் அது பாதி மாத உழைப்பு. அண்ணன் தம்பிகள் பங்கு போட்டுச் செய்வதுதான் நம் வழக்கத்துக்கும் பைக்கும் சரி.

எந்த மாதிரி இடத்தைத் தேர்ந்தெடுப்பது?

தோராயமாக மூன்று வகை. முதலாவது ஹோட்டல் பஃபே. பலருக்கும் தெரிந்த, பயமில்லாத இடம். ஆனால் அம்மா மறுபடி எழுந்து நடக்க வேண்டும், பிள்ளைகளுக்குத் தட்டு நிரப்ப வேண்டும். விசேஷத்துக்கு நான் இதைச் சொல்வதில்லை. இரண்டாவது, மெனு பார்த்து ஆளாளுக்கு வேண்டியதைச் சொல்கிற இடம். முதல்முறை போகிறவர்களுக்கு இதுதான் ஏற்றது. மூன்றாவது, சமையல்காரரே முடிவு செய்து எட்டு, பத்து சின்னச் சின்னப் பதார்த்தங்களை வரிசையாக அனுப்புகிற இடம். மூன்று மணி நேரம் ஆகும். இளம் ஜோடிக்குச் சுவாரசியம். எழுபது வயது அப்பாவுக்கு நாலாவது தட்டிலேயே கொட்டாவி வந்துவிடும்.

ஈப்போவில் என்றால் பஞ்சாரான் வெந்நீரூற்று விடுதிக்குள் சுண்ணாம்புக் குகையிலேயே அமைத்த 'ஜெஃப்ஸ் செல்லர்' இருக்கிறது. காலங்காலமாக நாம் குகைக்குள் சாமி கும்பிடத்தான் போயிருக்கிறோம். அதற்குள் மேசை போட்டுச் சாப்பாடு என்பது பார்க்க வேண்டிய காட்சிதான். விலையும் குகை மாதிரி, உள்ளே போகப் போக ஆழம். போகும் முன் மெனுவைக் கேட்டு வாங்கிப் பார்த்துவிடுங்கள்.

மிச்செலின் நட்சத்திரம் என்கிறார்களே, அது என்ன?

டயர் கம்பெனி கொடுக்கும் நட்சத்திரம். வேடிக்கை இல்லை, நிஜம். கார் வைத்திருப்பவர்கள் ஊர் சுற்றட்டும், டயர் தேயட்டும் என்று மிச்செலின் கம்பெனி 1900-ல் பிரான்சில் வெளியிட்ட வழிகாட்டிப் புத்தகம் பிறகு சாப்பாட்டுக்கு நட்சத்திரம் போட ஆரம்பித்தது. ஒன்று என்றால் அந்தப் பக்கம் போகும்போது நிறுத்திச் சாப்பிடலாம். இரண்டு என்றால் சுற்றிக்கொண்டாவது போகலாம். மூன்று என்றால் அதற்கென்றே பயணம் கிளம்பலாம். நம் பாட்டிமார் விடியற்காலையில் சீவிய ரப்பர் பால் எல்லாம் கடைசியில் போய்ச் சேர்ந்தது டயரில்தான். முதல் ரப்பர் கன்றுகளில் சிலவற்றை 1877-ல் நட்ட ஊர் பக்கத்துக் கோலகங்சார். ஆக அந்த நட்சத்திரத்தில் நமக்கும் ஒரு பங்கு உண்டு என்று நான் சொல்லிக்கொள்வேன்.

மலேசியாவுக்கு அந்தப் புத்தகம் 2022 டிசம்பரில்தான் வந்தது, கோலாலம்பூருக்கும் பினாங்குக்கும் மட்டும். பினாங்கில் நட்சத்திரம் வாங்கியவற்றில் ஒன்று ஆண்ட்டி கைக் லீன் கடை. அங்கே கிடைப்பது சீன, மலாய் முறை கலந்த பெரனாக்கான் வீட்டுச் சமையல், பிரெஞ்சுச் சமையல் இல்லை. கோலாலம்பூரின் டேவாக்கான், உள்ளூர்க் காட்டுக் கீரையையும் காயையும் வைத்துச் சமைத்து, 2023 டிசம்பரில் இரண்டு நட்சத்திரம் வாங்கியது. நாட்டில் அதுதான் முதல் தடவை. தென்னிந்திய, இலங்கைச் சமையலை இந்த வரிசைத் தட்டு முறையில் கொடுக்கும் 'நாடோடி'யும் கோலாலம்பூரில் இருக்கிறது. ரசத்தை ஒரு சின்னக் கோப்பையில் மரியாதையாகக் கொண்டுவந்து வைத்தால் பாட்டி என்ன சொல்வார் என்று யோசித்துக்கொண்டே போங்கள்.

நட்சத்திரம் இல்லாவிட்டால் சாப்பாடு மட்டம் என்று அர்த்தமில்லை. ஈப்போவில் நட்சத்திரமே கிடையாது. ஈப்போக்காரனிடம் போய் அங்கே சாப்பாடு சுமார் என்று சொல்லிப் பாருங்கள்.

முன்பதிவு எப்படிச் செய்வது? என்ன சொல்ல வேண்டும்?

போன் செய்வது நல்லது. இணையத்தில் பெயரும் நேரமும் மட்டும்தான் போகும். போனில் கதை போகும், கதைதான் முக்கியம். "அப்பாவுக்கு அறுபது, ஆறு பேர், அதில் ஒருவருக்கு முழங்கால் வலி, இரண்டு பேர் சைவம், யாரும் மாட்டிறைச்சி சாப்பிடுவதில்லை, சத்தம் இல்லாத மூலை மேசை வேண்டும்." இவ்வளவும் ஒரு நிமிடம். அந்த ஒரு நிமிடத்தைப் புத்தகத்தில் உங்கள் பெயருக்குப் பக்கத்தில் எழுதுவார்கள். நான் எழுதியிருக்கிறேன். வேலை ஆரம்பிக்கும் முன் எங்களை வரிசையாக நிறுத்தி அதைப் படித்துக் காட்டுவார்கள், தோட்டத்தில் காலையில் ஆள்களை நிறுத்தி வேலை சொல்லும் பெரட்டு மாதிரியே.

பிப்ரவரி 14, மே மாத இரண்டாம் ஞாயிறான அன்னையர் தினம், டிசம்பர் 31. இந்த நாள்களில் பல இடங்களில் வழக்கமான மெனுவை மூடிவிட்டு ஒரே விலையில் ஒரே சாப்பாட்டுப் பட்டியல்தான் வைப்பார்கள், கூட்டமும் தாங்காது. அன்னையர் தினத்துக்கு அடுத்த வாரம் அம்மாவை அழைத்துப் போனால் அவர் கோபித்துக்கொள்ளப் போவதில்லை.

முன்பணமோ கார்டு எண்ணோ கேட்டால், வராவிட்டால் எவ்வளவு பிடிப்பார்கள், எத்தனை நாளுக்கு முன் ரத்து செய்யலாம் என்று கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். ஆள் கூடினாலும் குறைந்தாலும் முந்தின நாளே சொல்லிவிடுங்கள். கல்யாணப் பத்திரிகைக்குப் பதிலே சொல்லாமல் எட்டுப் பேரோடு போய் இறங்குகிற வழக்கம் இங்கே செல்லாது.

மெனுவில் விலைக்குப் பக்கத்தில் '++' என்று போட்டிருக்கிறார்கள். அது என்ன?

இரண்டு கூட்டல் குறி, இரண்டு கூடுதல் செலவு. ஒன்று பெரும்பாலும் 10 சதவீத சேவைக் கட்டணம், அது கடைக்குப் போவது. மற்றது 6 சதவீத சேவை வரி, அது அரசாங்கத்துக்கு. 2024 மார்ச்சில் பல சேவைகளுக்கு வரி 8 சதவீதமாக ஏறியபோது சாப்பாடு உள்ளிட்ட சிலவற்றை 6-லேயே விட்டார்கள். வருடத்துக்கு 15 லட்சம் வெள்ளிக்கு மேல் வியாபாரம் செய்கிற சாப்பாட்டுக் கடைகள்தான் இந்த வரியை வாங்க வேண்டும். நம்ம கோப்பிக் கடையில் இதைப் பார்க்காததற்குக் காரணம் அதுதான்.

ஆக 100 வெள்ளி என்று எழுதியிருந்தால் கையிலிருந்து போவது சுமார் 116. ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். ஆளுக்கு முதல் தட்டு 35, பெரிய தட்டு 90, இனிப்பு 28, குடிக்க 20 என்றால் 173. நாலு பேருக்கு 692. இரண்டு கூடுதலும் சேர்ந்தால் ஏறக்குறைய 803. மெனுவைப் பார்த்து மனசுக்குள் 700 என்று கணக்குப் பண்ணி வந்தவர்கள் பில்லைப் பார்த்ததும் முகம் மாறுவதை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். விலையோடு 'நெட்' என்று போட்டிருந்தால் எல்லாம் சேர்ந்த விலை, பயமில்லை.

தனியாக டிப்ஸ் வைக்க வேண்டுமா என்றும் கேட்பார்கள். நம் நாட்டில் கட்டாயம் இல்லை. மனசு இருந்தால் பத்து, இருபது வைக்கலாம். வாங்கியவன் என்ற முறையில் சொல்கிறேன், மறக்கமாட்டோம்.

எங்கே எல்லாம் காசு சத்தமில்லாமல் ஏறும்?

தண்ணீரில். உட்கார்ந்ததும் "ஸ்டில் ஆர் ஸ்பார்க்ளிங்?" என்பார்கள். இரண்டுமே காசு கொடுத்து வாங்கும் பாட்டில் தண்ணீர்தான், வித்தியாசம் வாயுவில் மட்டும். என் சித்தப்பா ஒருவர் மரியாதைக்காகத் தலையாட்டியதும், ஆறு பேருக்கு மூன்று பெரிய பாட்டில் திறந்துவிட்டார்கள். சாதாரணத் தண்ணீர் போதும் என்று சொன்னால் யாரும் உங்களைக் கீழாகப் பார்க்க மாட்டார்கள். சுடுதண்ணீர் கேட்டாலும் கொடுப்பார்கள்.

அடுத்தது மீனும் கல் இறாலும். விலைக்குப் பதில் 'சந்தை விலை' என்று போட்டிருந்தாலோ, 100 கிராமுக்கு இவ்வளவு என்றிருந்தாலோ, "இந்த மீன் மொத்தம் எத்தனை கிராம், மொத்தம் எவ்வளவு வரும்?" என்று ஒரே கேள்வியில் கேட்டுவிடுங்கள். 100 கிராமுக்கு 38 வெள்ளி என்பது சாதுவாகத் தெரியும். ஒன்றரைக் கிலோ மீன் தட்டில் வந்த பிறகு அது 570.

நாங்கள் மாட்டிறைச்சி தொடமாட்டோம். சிலர் சைவம். எதைக் கவனிக்க வேண்டும்?

இந்தக் கேள்விக்குத்தான் நான் நிறைய நேரம் எடுத்துக்கொள்வேன். மாட்டிறைச்சி மெனுவில் மாட்டிறைச்சி என்ற பெயரோடு மட்டும் வருவதில்லை. வாக்யூ, ரிப்ஐ, டெண்டர்லாயின், பிரிஸ்கெட் எல்லாமே பெரும்பாலும் மாடு. வீல் என்பது கன்றுக்குட்டி. இன்னொன்று நம் நாட்டுக்கே உரியது. ஹலால் ஹோட்டலில் பேக்கன் என்று எழுதியிருந்தால் அது பன்றி இல்லை, சரி. ஆனால் பல இடங்களில் அது மாடு. 'பன்றி இல்லை' என்ற வாசகத்தைப் பார்த்து நிம்மதியாகிவிடாதீர்கள். அது நம் முஸ்லிம் நண்பர்களுக்காக எழுதியது, நமக்காக இல்லை.

பிறகு கண்ணுக்குத் தெரியாதவை. பிரவுன் சாஸ் பெரும்பாலும் மாட்டு எலும்பைக் கொதிக்கவைத்து எடுப்பது. கோழித் தட்டின் மேலும் அதை ஊற்றியிருக்கலாம். பிரெஞ்சு வெங்காய சூப்பில் வெங்காயம் மேலே, மாட்டு எலும்புச் சாறு கீழே. மூஸ், பன்னா கோட்டா போன்ற இனிப்புகளில் ஜெலட்டின் இருக்கலாம். ஹலால் சமையலறையில் அதுவும் மாட்டிலிருந்து எடுத்ததாக இருக்க வாய்ப்பு அதிகம்.

சைவத்துக்கு இன்னும் பொறிகள் உண்டு. காளான் ரிசோட்டோ என்று ஆசையாகக் கேட்பீர்கள், அரிசி வெந்தது கோழிச் சாற்றில். சீசர் சாலட்டின் சாஸில் நெத்திலி போன்ற மீன். பார்மேசான் சீஸை உறையவைப்பது கன்றுக்குட்டி வயிற்றுப் பொருள். உள்ளூர்ச் சமையல் என்றால் கீரையில்கூட பெலாச்சான், அதாவது இறால் விழுது. 'வெஜிடேரியன்' என்று மட்டும் சொன்னால் சிலர் இறைச்சித் துண்டு இல்லாவிட்டால் போதும் என்று நினைத்துவிடுவார்கள். இன்னும் சிலர் சீன சைவம் என்று எடுத்துக்கொண்டு பூண்டு வெங்காயத்தையும் நீக்கிவிடுவார்கள். அதனால் வேண்டாதவற்றை வரிசையாகச் சொல்லுங்கள்: இறைச்சி வேண்டாம், மீன் வேண்டாம், முட்டை வேண்டாம், எலும்புச் சாறு வேண்டாம், பெலாச்சான் வேண்டாம், பாலும் வெங்காயமும் பரவாயில்லை. முன்பதிவின்போது ஒரு தடவை, மேசையில் உட்கார்ந்ததும் இன்னொரு தடவை.

கேட்டால் சங்கடம் என்று நினைக்காதீர்கள். சமையலறைக்கு உண்மையான சங்கடம், பாதி சாப்பிட்ட தட்டு திரும்பி வருவதுதான். புரட்டாசி சனியில் அழைத்துப் போவதாக இருந்தால் மட்டும் யோசியுங்கள். ஆறு பேரும் சைவம் என்றால் அந்த விலைக்கு மற்ற நாளில் போவது லாபம்.

என்ன உடுத்துவது?

ஆணுக்குக் காலர் சட்டை, நீளக் கால்சட்டை, மூடிய காலணி. முழுக்கை பாத்தேக் சட்டை எங்கேயும் போகும். பெண்ணுக்குச் சேலை, பஞ்சாபி உடை, எல்லாமே நம்மிடம் உள்ள நல்ல துணிதான். வேட்டி ஜிப்பாவும் தாராளமாகப் போடலாம், போன் செய்யும்போது ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள். ஜப்பான் சிலிப்பரும் அரைக்கால் சட்டையும்தான் வாசலில் தடுக்கும். பாட்டிக்கு ஒரு சால்வை எடுத்துக்கொள்ளுங்கள், உள்ளே குளிர் எலும்பைத் தொடும்.

கத்தி, முள்கரண்டி எல்லாம் இத்தனை இருக்கிறதே, எதை எப்போது எடுப்பது?

வெளியிலிருந்து உள்ளே. அவ்வளவுதான். முதல் தட்டு வரும்போது இரண்டு ஓரங்களிலும் கடைசியில் இருப்பதை எடுங்கள். அடுத்த தட்டுக்கு அதற்கு அடுத்தது. இடது பக்கம் முள், வலது பக்கம் கத்தி. தவறாக எடுத்துவிட்டால் ஒன்றும் ஆகாது, புதிதாக ஒன்றைக் கொண்டுவந்து வைப்பார்கள்.

என் தாத்தா ஒரு தோட்டத்தில் துரை பங்களாவில் குசினிக்காரராக இருந்தவர். லயத்து வீட்டில் எங்களிடம் இருந்தது எனாமல் மங்கும் மூன்று கரண்டியும்தான். தீபாவளிக்கு அந்த மூன்றையும் பாயில் எடுத்து வைக்கும்போதுகூட, பாயின் ஓரத்திலிருந்து கட்டைவிரலின் முதல் கணு அளவு இடம் விட்டுத்தான் வைப்பார். எங்களுக்குச் சிரிப்பாக இருக்கும். பல வருடம் கழித்து ஹோட்டலில் சேர்ந்த முதல் வாரம், மேசை வைக்கக் கற்றுக்கொடுத்த மேற்பார்வையாளர் தன் கட்டைவிரலை மேசை ஓரத்தில் வைத்து, "இந்தக் கணு வரைக்கும்" என்றார். தாத்தா ஆயிரக்கணக்கான முறை அப்படி மேசை வைத்திருப்பார். ஒரு தடவைகூட அதில் உட்கார்ந்து சாப்பிட்டதில்லை. இந்தக் கரண்டி வரிசையெல்லாம் நமக்குப் புதுசு என்று யாராவது சொன்னால் எனக்குக் கொஞ்சம் கோபம் வரும். நம் ஆட்கள் அடுப்படிப் பக்கத்திலிருந்து இதை நன்றாகவே அறிந்தவர்கள்.

இன்னும் ஒரு சைகை தெரிந்துகொள்ளுங்கள். இலையை மடித்தால் சாப்பிட்டு முடித்தோம் என்று அர்த்தம் இல்லையா? அதே மாதிரி கத்தியும் முள்ளும் தட்டில் ஒன்றாகப் படுத்திருந்தால் முடிந்தது, எடுத்துப் போகலாம். பிரித்துச் சாய்த்து வைத்திருந்தால் இன்னும் சாப்பிடுகிறேன். இது தெரியாமல் பாதிக் கோழியோடு தட்டைப் பறிகொடுத்தவர்கள் உண்டு.

கையால் சாப்பிடலாமா என்றால், ரொட்டியைக் கையால்தான் பிய்க்க வேண்டும். ஓடு உள்ள இறாலுக்கும் கைதான் சரி. மற்றதற்கு அப்பா கையால் சாப்பிட்டால் அது அப்பாவின் சௌகரியம். நீங்கள் நெளியாமல் இருந்தால் பக்கத்து மேசைக்காரரும் பார்க்க மாட்டார்.

மெனுவில் பாதி வார்த்தை புரியவில்லை.

எனக்கும்தான் புரியவில்லை, முதல் ஆறு மாதம். வெயிட்டரைக் கேளுங்கள். "இது என்ன, எப்படிச் சமைத்தது, காரம் இருக்குமா, எவ்வளவு பெரிது?" ஆட்டிறைச்சிக்கு எவ்வளவு வேக வேண்டும் என்று கேட்பார்கள். உள்ளே சிவப்பு பிடிக்காது என்றால் 'வெல் டன்' என்று தயங்காமல் சொல்லுங்கள். அதனால் அறிவு குறைந்தவராக ஆகிவிட மாட்டீர்கள். மீன் வேகாதது மாதிரி இருக்கிறதே என்றாலும் சொல்லலாம். பல இடங்களில் பேராக் பையன், கெடா பையன் என்று நம் தமிழ்ப் பிள்ளைகளே பரிமாறுவார்கள். "தம்பி, நீங்களே நல்லதாப் பார்த்துச் சொல்லுங்க" என்றால் மெனுவைவிட நல்ல பதில் வரும்.

பாட்டிக்குச் சர்க்கரை, முழங்கால் வலி. கூட்டிப் போகலாமா?

தாராளமாக. ஆனால் வாசலில் எத்தனை படி, மின்தூக்கி உண்டா, கழிவறை எவ்வளவு தூரம் என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். ஊசி போடுபவர்களும் மாத்திரை எடுப்பவர்களும் நேரத்தைக் கவனிக்க வேண்டும். வீட்டில் ஏழரைக்குச் சோறு ஒரேயடியாக வந்துவிடும். இங்கே ஏழரைக்கு உட்கார்ந்தால் வயிறு நிறைகிற தட்டு எட்டரைக்குத்தான் வரும். மருந்து எடுத்துவிட்டுக் காத்திருந்தால் தலைசுற்றல் வரலாம். எப்போது எடுப்பது என்று டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பாட்டிக்கு மட்டும் சாப்பாட்டை முன்னதாகக் கொண்டுவரச் சொன்னால் செய்வார்கள்.

சின்னப் பிள்ளைகளை எல்லா இடமும் சேர்த்துக்கொள்வதில்லை. வயதைச் சொல்லிக் கேட்டுவிடுங்கள்.

கேக் கொண்டு போகலாமா? ஆரத்தி எடுக்கலாமா?

கேக்குக்குப் பல இடங்களில் வெட்டிக் கொடுக்கும் கட்டணம் உண்டு. சில இடங்கள் முன்கூட்டியே சொன்னால் அவர்களே இனிப்புத் தட்டில் வாழ்த்து எழுதி இலவசமாகக் கொடுப்பார்கள். பாட்டுப் பாட வேண்டாம் என்றால் அதையும் சொல்லிவிடுங்கள், நம் அப்பாக்களில் பாதிப் பேர் அந்த ஒரு நிமிடத்தில் மேசைக்கடியில் போய்விடலாமா என்று பார்ப்பார்கள். மாலை போடலாம், காலில் விழலாம், அதையெல்லாம் எல்லோரும் ரசிப்பார்கள். கற்பூரம் மட்டும் வேண்டவே வேண்டாம். மேலே புகை உணரும் கருவி இருக்கிறது. ஆரத்தியை வீட்டு வாசலில் முடித்துவிட்டுக் காரில் ஏறுங்கள்.

குடிக்கலாமா? இரவு எப்படித் திரும்புவது?

மது வாங்க 21 வயது ஆகியிருக்க வேண்டும், 2017 டிசம்பரிலிருந்து அப்படி. ஓட்டுபவர் தொடவே கூடாது. 2020-ல் சட்டம் கடுமையானது. 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் 50 மில்லிகிராம்தான் வரம்பு. முதல் தடவை பிடிபட்டாலே குறைந்தது 10,000 வெள்ளி அபராதம், இரண்டு வருடம் வரை சிறை. மாமா சிகரெட்டுக்கு எழுந்தால் கடையிலிருந்து மூன்று மீட்டர் தள்ளிப் போகச் சொல்லுங்கள். 2019 ஜனவரி முதல் எல்லாச் சாப்பாட்டுக் கடைகளிலும் தடை.

ஈப்போ என்றால் அரை மணி நேரம், பிரச்சினையில்லை. கோலாலம்பூர் என்றால் இருநூற்றுச் சொச்சம் கிலோமீட்டர். நம் ஸ்டேஷனிலேயே இடிஎஸ் மின்ரயில் நிற்கும், காலையில் ஏறி மதியச் சாப்பாடு முடித்துவிட்டு இருட்டும் நேரத்தில் திரும்பிவிடலாம். மதியத்துக்குப் பல இடங்களில் விலையும் குறைவு, அதே சமையலறை, அதே ஆட்கள்.

பில்லை யார் கட்டுவது? மேசையில் இழுபறி வருமே!

வரும். மாமாவும் அப்பாவும் பில் புத்தகத்தை ஆளுக்கொரு முனையில் பிடித்து இழுத்ததில் தம்ளர் உடைந்ததை நானே பெருக்கியிருக்கிறேன். வழி சுலபம். உள்ளே நுழையும்போதே, கை கழுவப் போகிற மாதிரி போய், கார்டைக் கவுண்டரில் கொடுத்து "பில் மேசைக்கு வர வேண்டாம்" என்று சொல்லிவிடுங்கள். கிளம்பும் முன் கவுண்டரில் நின்று ஒவ்வொரு வரியாகச் சரிபார்த்துக் கட்டுங்கள். தவறு இருந்தால் கேளுங்கள். அப்பாவிடம் தொகையைச் சொல்லாதீர்கள். கேட்டால், "டிஸ்கவுண்ட் போட்டாங்கப்பா."

சாப்பாடோ மேசையோ சரியில்லை என்றால்?

அப்போதே, அங்கேயே, மெதுவாகச் சொல்லுங்கள். வீட்டுக்கு வந்து இணையத்தில் ஒரு நட்சத்திரம் போடுவதால் அம்மாவுக்கு நல்ல சாப்பாடு கிடைக்கப் போவதில்லை. ஒருமுறை என் பெற்றோரை வேறு ஊரில் ஓர் இடத்துக்கு அழைத்துப் போனேன். பாதி அறை காலியாக இருக்க, எங்களைக் கழிவறைக் கதவுக்குப் பக்கத்தில் உட்காரவைத்தார்கள். கதவு திறக்கும்போதெல்லாம் வாசனைத் திரவிய நெடி. அப்பா "பரவாயில்லடா, விடு" என்றார். நானும் விட்டுவிட்டேன். அந்தத் தொழிலிலேயே இருந்தவன், ஒரு வார்த்தை கேட்டால் மாற்றித் தருவார்கள் என்று தெரிந்தவன், வாயை மூடிக்கொண்டு சூப் குடித்தேன். அது இன்னமும் உறுத்துகிறது. நம்மை வளர்த்த வார்த்தை அந்தப் 'பரவாயில்லை'. இங்கே பத்து சதவீதம் சேவைக்கென்றே கட்டுகிறீர்கள், அதனால் கேட்டே ஆகுங்கள்.

அப்பா வரவே மாட்டேன் என்கிறார். "எனக்கெல்லாம் எதுக்கு அந்த இடம்" என்கிறார்.

விலை அதற்குப் பாதிக் காரணம்தான். என் அப்பா பால் மரம் சீவியவர். அவர் இளவயதில் தோட்டத்து கிளப்புக்கு நாலைந்து முறை போயிருக்கிறார், எல்லாம் பின்வாசல் வழியாக, நாற்காலி தூக்க. வெள்ளை விரிப்பு போட்ட மேசையைப் பார்த்தால் அவருக்கு இப்போதும் ஏதோ தூக்கத்தான் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று தோன்றும் போல.

வற்புறுத்தாதீர்கள். பகலில் கூட்டிப் போங்கள், வெளிச்சத்தில் கூச்சம் குறையும். அவர் வயதுக்காரர் ஒருவரை, மச்சானையோ பழைய கூட்டாளியையோ சேர்த்துக்கொள்ளுங்கள். முதுகுக்குச் சுவர் இருக்கிற நாற்காலியைக் கொடுங்கள். அவருக்குத் தெரிந்த சாப்பாடாகச் சொல்லுங்கள், பொரித்த மீனோ ஆட்டு சாப்போ. ஊசி மிளகாயை நறுக்கி சோயாவில் போட்டுக் கேட்டால் எவ்வளவு பெரிய இடமும் கொண்டுவரும்.

அப்படி ஒருமுறை கூட்டிப் போன அன்று, சாப்பிட்டு முடித்ததும் என் அப்பா எங்கள் நாலு பேர் தட்டையும் இழுத்து, எலும்பையெல்லாம் ஒன்றில் தட்டி, அடுக்கி, மேலே கரண்டிகளை வைத்து மேசை ஓரத்துக்குத் தள்ளினார். பிறகு நாப்கினை எடுத்து மேசையைத் துடைத்தார். முறைப்படி அது கூடாது, அடுக்கினால் தட்டின் அடிப்பக்கமும் அழுக்காகும். தங்கச்சி "அப்பா, விடுங்க" என்று கையைப் பிடித்தாள். நான் அவள் கையை எடுத்துவிட்டேன். வந்த வெயிட்டர் பையன் அடுக்கை அப்படியே தூக்கிக்கொண்டு, "தேங்க்ஸ் அங்கிள்" என்றான்.

மிச்சத்தைத் தாப்பாவ் செய்து கொண்டு வரலாமா?

மெனு பார்த்துச் சொன்ன சாப்பாடு என்றால் கேட்கலாம், டப்பாவில் போட்டுத் தருவார்கள். பஃபேயில் முடியாது. வரிசைத் தட்டு இடங்களில் மிச்சமே இருக்காது. மேசையில் வைக்கும் ரொட்டி? என் அம்மா இரண்டை டிஷ்யூவில் சுற்றிக் கைப்பைக்குள் வைத்திருக்கிறார். ஈப்போவைத் தாண்டும் வரை எங்களுக்குத் தெரியாது. மறுநாள் காலை அடுப்பில் வாட்டி, முந்தின நாள் மீன் குழம்பில் தொட்டுப் பசியாறினோம். பக்கத்து வீட்டு அக்காவுக்கும் பாதி போனது.